உப்புத் தண்ணி ஊரில் பிரஷர் வாஷர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. வெள்ளம் வடிந்தபின் சுவரில் அப்பிக்கிடந்த சேற்றுக்கு விளக்குமாறு போதவில்லை என்றுதான் எங்கள் வீட்டுக்கு பிரஷர் வாஷர் வந்தது. சேற்றை ஒரே நாளில் கழுவித் தள்ளியது. அடுத்த தீபாவளிக்கு எடுத்து சுவிட்சைப் போட்டால், முனகிவிட்டு நின்றது. கழற்றினால் பம்புக்குள் உப்புப் பூத்திருந்தது. அன்றிலிருந்து கற்றுக்கொண்டவை இவை.

1. பம்புக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் ஒரு சாய்ந்த தட்டைச் சுழற்றுகிறது. அது மூன்று சிறு பிஸ்டன்களை மாற்றி மாற்றித் தள்ளுகிறது. ஸ்பிரிங் அவற்றைத் திருப்பி அனுப்புகிறது. பிஸ்டன் பின்வாங்கும்போது ஒரு வால்வு திறந்து தண்ணீரை உள்ளே இழுக்கும், முன்னேறும்போது இன்னொன்று திறந்து வெளியே தள்ளும். வீட்டு மெஷினில் அழுத்தம் சுமார் 100 பார். முத்துக்குளிக்கப் பத்துப் பாகம் ஆழம் இறங்கியவர் மேல் கடல் கூடுதலாகப் போட்ட அழுத்தம் 2 பாருக்கும் குறைவு. அதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்தைச் சில ரப்பர் சீல்கள் தாங்கி நிற்கின்றன. பழுதில் பெரும்பகுதி இந்தச் சீல்களிலும் வால்வுகளிலும்தான்.

2. போர் தண்ணியில் கழுவினாலும் கடைசிக் கழுவல் நல்ல தண்ணியில் இருக்கட்டும். நம் ஊர்ப் பம்புக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. மெஷின் ஓடும்போது உப்பு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. நிறுத்தி மூலையில் வைத்தபின், உள்ளே தங்கிய தண்ணீர் காய்ந்து உப்பாக இறுகும்போதுதான் சீலை அறுக்கிறது, அலுமினியத் தலையை அரிக்கிறது. குழாயில் வல்லநாட்டுக் குடிதண்ணி வரும் நாளில் ஒரு வாளி பிடித்து வைத்து, வேலை முடிந்ததும் அதில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். குடிதண்ணியை வீணாக்குவதா என்று வீட்டில் பேச்சு வரும். சீல் மாற்றும் கூலியைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். ஃபைபர் படகின் அடியில் ஒட்டிய சிப்பியைக் கழுவ யாராவது இரவல் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் கடல் தண்ணியை நேரே இழுக்க விடாதீர்கள்.

3. வறட்டு ஓட்டம் கூடாது. சீல்களுக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருவது தண்ணீர்தான். குழாயைத் திறந்து, சுவிட்ச் போடாமலே கன்னை அழுத்திப் பிடியுங்கள். காற்று போய்த் தண்ணீர் சீராக வந்தபின் சுவிட்சைப் போடுங்கள். குழாயில் வரத்து போதுமா என்பதற்கு ஒரு சோதனை: 10 லிட்டர் வாளி ஒன்றேகால் நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும்.

4. உள்வழி ஃபில்ட்டரை ஒவ்வொரு முறையும் கழற்றி அலசுங்கள். அரை நிமிட வேலை.

5. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கிடந்த ஹோஸில் உள்ள தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். வீட்டு மெஷின்கள் பலவற்றுக்கு 40 டிகிரிதான் எல்லை. அந்தச் சூட்டுத் தண்ணியை முதலில் வெளியே விட்டுவிட்டு மெஷினில் மாட்டுங்கள்.

6. அழுத்தம் விட்டு விட்டு வந்தால் உடனே பம்பைப் பிரிக்காதீர்கள். முதலில் நாசில் துளையை ஊசியால் குத்திப் பாருங்கள். அடுத்து உள்வழி இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், வால்வில் மணலோ உப்போ சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவினாலே பலமுறை சரியாகிவிடும். துடிப்பே இல்லாமல் அழுத்தம் மெல்ல மெல்லக் குறைந்து வந்தால், நாசில் துளை தேய்ந்து பெருத்திருக்கலாம். நாசிலை மாற்றிப் பார்க்காமல் பம்பைக் குறை சொல்லாதீர்கள்.

7. கன்னை விட்டபிறகும் மெஷின் தானாக ஓடி ஓடி நின்றால், எங்கோ அழுத்தம் கசிகிறது. ஹோஸ் முனை, கன், பைபாஸ் வால்வு என்ற வரிசையில் ஓ-ரிங்குகளைப் பாருங்கள். புதிய ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

8. பம்புக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல் போயிற்று. உள்ளே எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், தண்ணீர் எண்ணெய்ப் பக்கம் புகுந்துவிட்டது. எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை, சீலும் மாற வேண்டும். மாற்றும்போது மூன்று பிஸ்டனுக்கும் சேர்த்து முழு சீல் கிட்டாகவே போடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, அடுத்தடுத்து மூன்று முறை கூலி கொடுத்தவன் நான்.

9. முனகல் மட்டும் கேட்டு மோட்டார் சுற்றவில்லையா? உடனே அணையுங்கள், காயில் கருகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் பம்ப் உப்பில் இறுகியிருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் மேல் சந்தேகம். அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், எலக்ட்ரீஷியன் தொடட்டும்.

10. நாசிலிலும் ஃபில்ட்டரிலும் வெள்ளைப் படிவு இருந்தால், எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், உலோகத்தையே தின்றுவிடும்.

11. வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, குழாயை மூடி, கன்னை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விடுங்கள். உப்புக்காற்று அடிக்கும் போர்ட்டிகோவைவிட வீட்டுக்குள் கட்டிலடி நல்ல இடம். மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் ஓட்டினால் பம்ப் இறுகாது.

12. ஈரத்தரையில் நின்று செய்யும் வேலை. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டாதீர்கள். கசிவு மின்சாரத்தில் தானே விழும் சுவிட்சும் வீட்டில் இருக்கட்டும். நாசில் முன்னே விரலைக் கொண்டுபோகவும் வேண்டாம். பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால் வெளியே ஊசிமுனைப் புள்ளிதான் தெரியும், கெடுதல் ஆழத்தில் இருக்கும். வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

13. பம்ப் தலை அரித்துக் குழி விழுந்துவிட்டால் புது சீலும் நிற்காது. அதற்குச் செலவு செய்யாதீர்கள். அடுத்ததை வாங்கும்போது பித்தளைத் தலையா என்று கேளுங்கள், அந்த மாடலுக்கு சீல் கிட் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.