நோன்பு திறந்த பின் வரும் வலி: பெண்களும் பித்தப்பையும்



அன்புச் சகோதரிகளே, ரமலான் மாதத்தில் நம் வீடுகளில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அஸர் தொழுததும் அடுப்படிக்குப் போன பெண், கஞ்சி, வடை, சமூசா என்று எல்லோருக்கும் செய்து வைத்துவிட்டு, பாங்கு சொன்னதும் கடைசி ஆளாக உட்கார்ந்து நோன்பு திறக்கிறார். பகல் முழுவதும் காலியாக இருந்த வயிற்றில் முதலில் போவது எண்ணெய்ப் பலகாரம். தராவீஹ் முடியும் நேரத்தில் வலது பக்க விலாவுக்குக் கீழே ஒரு வலி பிடிக்கிறது. அது முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் ஏறுகிறது, குமட்டல் வருகிறது. "வாயுப் பிடிப்பு" என்று ஓம வாட்டர் குடிக்கிறார், கேஸ் மாத்திரை போடுகிறார். இரண்டு மூன்று மணி நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது. மறுநாள் யாரிடமும் சொல்வதில்லை.

இப்படி மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் இந்த வலியைப் பொறுத்துக்கொண்டே இருப்பது ஆபத்தில் முடியலாம். பல நேரங்களில் இது வாயு அல்ல, பித்தப்பைக் கல். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏன் அதிகம் வருகிறது, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், நோன்பு நோற்கலாமா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பித்தப்பை என்ன வேலை செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தலை சுற்றினால் "பித்தம்" என்கிறோம், காலையில் குமட்டினாலும் "பித்தம்" என்கிறோம். அது பேச்சு வழக்கு. இங்கே சொல்லும் பித்தநீர் வேறு. நம் கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும் மஞ்சள் பச்சை நிறத் திரவம் அது. எண்ணெய், நெய், கறிக்கொழுப்பு ஆகியவற்றைச் செரிக்க அது வேண்டும். அந்த நீரைக் கெட்டியாக்கிச் சேர்த்து வைக்கும் சிறு பைதான் பித்தப்பை. கல்லீரலுக்கு அடியில், பேரிக்காய் வடிவில் இருக்கும். 30 முதல் 50 மில்லி வரை கொள்ளும்.

கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்குள் நுழைந்ததும் குடலிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் புறப்படுகிறது. அது "பையைச் சுருக்கு" என்று கட்டளை இடுகிறது. பை சுருங்கி பித்தநீரைக் குடலுக்குள் விடுகிறது. பைக்குள் கல் இருந்து, சுருங்கும் நேரத்தில் அது வாயை அடைத்துக்கொண்டால் வலி வரும். பிரியாணிக்கோ வறுத்த பலகாரத்துக்கோ பிறகு வலி வருவதன் காரணம் இதுதான்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

பித்தநீரில் கொலஸ்ட்ரால் கரைந்திருக்கிறது. சர்பத்தில் அளவுக்கு மேல் சர்க்கரை போட்டால் அடியில் தங்குவதுபோல, கொலஸ்ட்ரால் அதிகமானால் அது படிகமாகி, கசடாகி, பிறகு கல்லாகிறது. பை சரியாகக் காலியாகாமல் நீர் தேங்கி நின்றாலும் கல் உருவாகும்.

பெண்ணின் உடலிலுள்ள இரண்டு முக்கிய ஹார்மோன்கள் இந்த இரண்டு வழிகளிலும் தலையிடுகின்றன. ஈஸ்ட்ரோஜன், பித்தநீரில் சேரும் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. புரோஜெஸ்டிரோன், பித்தப்பையின் தசையைத் தளர்த்தி அது சுருங்குவதை மந்தமாக்குகிறது. அதனால்தான் பிள்ளை பெறும் வயதில் பெண்களுக்குப் பித்தக்கல் வரும் வாய்ப்பு ஆண்களைப்போல இரண்டு மூன்று மடங்கு. மாதவிடாய் நின்ற பிறகு இந்த வித்தியாசம் குறைகிறது.

ஆனால் ஹார்மோன் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. உடல் பருமன், சர்க்கரை நோய், குடும்பத்தில் பிறருக்கு இருப்பது, பட்டினி கிடந்து வேகமாக எடையைக் குறைப்பது எல்லாம் காரணங்களே. நம் தென்னாட்டில், கொலஸ்ட்ரால் கற்களுடன் கறுப்பு, பழுப்பு நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் வடநாட்டைவிட அதிகம் காணப்படுகின்றன. ரத்தச் சிவப்பணுக்கள் அதிகமாக அழியும் நோய்களும் பித்தக் குழாயில் வரும் கிருமித் தொற்றும் அவற்றுக்குக் காரணமாகலாம். ஆகவே ஒல்லியான பெண்ணுக்கும் கல் வரும், ஆண்களுக்கும் வரும். 1968-ல் மருத்துவர் மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு, வடநாட்டு ஊழியர்களிடம் தென்னாட்டவரைவிடப் பல மடங்கு அதிகமாக இந்நோய் இருப்பதைக் காட்டியது. அதை வைத்து "நமக்கெல்லாம் வராது" என்று இருக்க முடியாது. நம் உணவும் வாழ்க்கையும் அன்றிருந்தபடி இல்லை.

கர்ப்ப காலத்தில் கவனிக்க வேண்டியவை

கர்ப்பத்தில் இரண்டு ஹார்மோன்களும் உச்சத்துக்குப் போகின்றன. புரோஜெஸ்டிரோன் உணவுக்குழாயின் அடி வாயைத் தளர்த்துவதால் நெஞ்செரிச்சல் வருகிறது, குடலை மந்தமாக்குவதால் மலச்சிக்கல் வருகிறது. பித்தப்பையில் கசடு சேர்வதும் இதே காரணத்தால்தான். பிரசவத்துக்குப் பின் பலருக்கு அந்தக் கசடு தானாகவே கரைந்துவிடும். சிலருக்குக் கல்லாகி நின்றுவிடும். கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தாய்க்கு மேல்வயிற்று வலி வந்தால் "பத்தியம் தவறிவிட்டது" என்று மட்டும் முடிவு செய்யாமல் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றைத் தாய்மாரும் மாமியாரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடும் அரிப்பு வரும். தோலில் தடிப்போ கொப்புளமோ இருக்காது. இரவில் தூங்கவிடாது. "பிள்ளைக்கு முடி வளர்கிறது, அதனால் அரிக்கிறது" என்று வீட்டில் சொல்வார்கள். அது கல்லீரலிலிருந்து பித்தநீர் ஓட்டம் தடைப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். பித்த அமிலம் மிகவும் கூடிவிட்டால் வயிற்றிலுள்ள குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ நீங்கள் வழக்கமாகக் காட்டும் இடத்திலோ, அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

ஹார்மோன் மாத்திரைகள்

ரமலானில் நோன்பு விடுபடாமல் இருக்கவும், ஹஜ், உம்ரா பயணத்திலும் மாதவிடாயைத் தள்ளிப்போடச் சகோதரிகள் மாத்திரை போடுகிறார்கள். அது நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். பக்கத்து வீட்டில் கேட்டு, மருந்துக் கடையில் நேரே வாங்கிப் போடுவது தவறு. கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பத்தில் மஞ்சள் காமாலையோ மேலே சொன்ன கடும் அரிப்போ வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள் இதைப் போடக் கூடாது. மற்றவர்களும் மருத்துவரிடம் கேட்டே போட வேண்டும். மாதவிடாய் நாட்களில் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்வது மார்க்கம் நமக்குத் தந்த சலுகை. அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

பல கருத்தடை மாத்திரைகளிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. இன்றைய குறைந்த அளவு மாத்திரைகளில் பித்தக்கல் ஆபத்து சிறியதே. ஆனாலும் ஏற்கனவே பித்தப்பை வலி உள்ளவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடல் சூடு, வியர்வைக்காகச் சிலருக்கு ஹார்மோன் மாத்திரை தரப்படுகிறது. அமெரிக்காவில் 22,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களுக்குப் பித்தப்பை நோய் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்று அது காட்டியது. 2008-ல் வந்த பிரிட்டன் ஆய்வு, தோலில் ஒட்டும் பட்டை வடிவில் எடுத்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்றது. மாத்திரை கல்லீரல் வழியாகச் செல்வதும் பட்டை நேரே ரத்தத்தில் கலப்பதும்தான் வித்தியாசம். ஆகவே கல் இருப்பவர்கள் அதைச் சொல்லி, எது பொருத்தம் என்று கேளுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- வலி ஐந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருப்பது
- வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம்
- கண், தோல் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, மலம் வெளுத்துப் போவது
- நடு வயிற்றில் தாங்க முடியாத வலி முதுகுக்குப் பாய்ந்து, நிற்காத வாந்தி

கடைசியாகச் சொன்னது, கல் நழுவிக் குழாயை அடைத்துக் கணையம் வீங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. மேல்வயிற்று வலியோடு மூச்சுத் திணறல், வியர்வை, தாடை அல்லது கை வலி சேர்ந்தால் மாரடைப்பாகவும் இருக்கலாம். இது கேஸா கல்லா இதயமா என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லாமல் 108-ஐ அழையுங்கள்.

பரிசோதனையும் சிகிச்சையும்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். வலியில்லை, ஊசியில்லை. மேல்வயிற்றுப் பகுதியை மட்டும் திறந்தால் போதும். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கலாம், துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். கூச்சத்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கல் இருக்கிறது என்றாலே அறுவை சிகிச்சை இல்லை. கல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் தொந்தரவே வராது. வலி வந்தவர்களுக்குத்தான் பித்தப்பையை எடுக்கச் சொல்வார்கள், ஏனெனில் ஒருமுறை வந்த வலி மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையை இந்தியாவில் 1990-ல் மும்பையில் மருத்துவர் உட்வாடியா தொடங்கி வைத்தார். இன்று நம் பகுதியிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை வரை அது வந்துவிட்டது. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள்.

நம் சகோதரிகள் கேட்கும் சந்தேகங்கள்

*பித்தப்பையை எடுத்துவிட்டால் சாப்பாடு செரிக்குமா?*
செரிக்கும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அல்ல. பை இல்லாவிட்டால் நீர் நேரே குடலுக்குச் சொட்டும். சிலருக்குச் சில வாரங்கள் மலம் இளகிப் போகலாம்.

*ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் விழுந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?*
மலத்தில் விழும் பச்சை உருண்டைகள் கல் அல்ல, அந்த எண்ணெயே குடலில் சோப்புப்போல் உறைந்தது. அவ்வளவு எண்ணெய் குடித்தால் பித்தப்பை பலமாகச் சுருங்கி, கல் குழாயில் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

*கருஞ்சீரகம் சாப்பிடலாமா?*
உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்றும், சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

*கல் இருந்தால் நோன்பு நோற்கலாமா?*
வலி இல்லாதவர்கள் பலரும் நோற்கலாம். ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸஹரை விடாதீர்கள், வயிறு நீண்ட நேரம் காலியாக இருந்தால் பித்தநீர் தேங்கிக் கெட்டியாகிறது. பேரீச்சம்பழம், தண்ணீர், எண்ணெய் குறைந்த கஞ்சி கொண்டு நோன்பு திறந்து, தொழுதுவிட்டு அளவோடு சாப்பிடுங்கள். வடையும் சமூசாவும் தினமும் தேவையில்லை. அடிக்கடி வலி வருபவர்களும், நோன்பின்போது கடும் வலி வந்தவர்களும் நோயாளிகள். நோயாளிக்கு வேறு நாளில் நோற்க அல்லாஹ் அனுமதி தந்திருக்கிறான். தயக்கம் இருந்தால் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை

சகோதரர்களே, ஷிப்ட் வேலை முடிந்து நீங்கள் வரும் வரை உங்கள் மனைவியோ தாயோ சாப்பிடாமல் காத்திருக்கக்கூடும். நேரம் தவறிச் சாப்பிடுவதும் மிஞ்சியதைச் சாப்பிடுவதும் அவர்கள் உடலைக் கெடுக்கும். அவர்கள் வயிற்று வலி என்றால் "கேஸ்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருநாள் லீவு போட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் ராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் உதவுவோம். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

இதைப் படித்த சகோதரிகள், படிக்க வராத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். நம் உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக்கொள்ளும் தவ்ஃபீக்கையும், நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.