பென் ட்ரைவில் லினக்ஸ்: கணனியைப் பொறுத்திருக்கப் பழக்குதல்

மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தை நாம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். அவசரப்பட்டால் நின்றுவிடும். இயந்திரத்தில் பழுதில்லை, நேரந்தான் பிழைத்தது. பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை இயக்கும்போதும் இதே கோளாறு வருவதுண்டு.

வன்தட்டுப் பழுதான கணனியையும் பென் ட்ரைவில் பதித்த லினக்ஸைக் கொண்டு ஓட்டலாம். இடம்பெயர நேர்ந்தால் கணனியை விட்டுவிட்டு ட்ரைவை மட்டும் மடியில் முடிந்துகொண்டு போகலாம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் படப்பிரதிகளையும் பலர் அதிலேயே வைத்திருப்பர். ஆகவே கணனி ஒருநாள் தொடக்கத்திலேயே நின்றுவிட்டால், ட்ரைவ் செத்துப்போயிற்று என்று அதை அழித்துப் புதிதாகப் பதிக்க எவரையும் விடவேண்டாம்.

நடப்பது இதுதான். மின்னைப் போட்டதும் தாய்ப்பலகையிலுள்ள பயோஸ், ட்ரைவை வாசித்து லினக்ஸின் கருவாகிய கேர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. அத்துடன் பயோஸ் ஒதுங்கிவிடும். கேர்னல் தன் சொந்த யூஎஸ்பி இயக்கியைக் கொண்டு அதே ட்ரைவை முதலிலிருந்து தேடவேண்டும். இப்போதுதானே அதிலிருந்து வாசித்தது, எப்படிக் காணாமற்போகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாசித்தவர் வேறு, தேடுபவர் வேறு. சேமிப்புச் சாதனம் என்று அடையாளங்கண்ட பின்னரும் கேர்னல் 1 செக்கன் பொறுத்தே உள்ளே பார்க்கும். முன்னைய கேர்னல்களில் இது 5 செக்கன். மலிவான ட்ரைவுகள் இன்னுஞ் சுணங்கும். அதற்குள் ரூட் பகுதியைத் திறக்க முயன்றால், 'கேர்னல் பனிக்' என்று எழுதிவிட்டு நின்றுவிடும்.

முதலில் தற்காலிகமாகப் பரீட்சித்துப் பாருங்கள். கிரப் பட்டியல் தோன்றும்போது 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'ரூட்வெயிட்' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒரே சொல்லாக எழுதி, எஃப்10 விசையை அழுத்துங்கள். ட்ரைவ் தென்படும்வரை கேர்னல் காத்திருக்கும். ட்ரைவைச் செருகாவிட்டால் விடியவிடியக் காத்திருப்பது இதன் குறை. சிலர் 'ரூட்டிலே' என எழுதிச் சமன் குறியிட்டு 10 என்பர். அது ட்ரைவ் வந்தாலும் வராவிட்டாலும் 10 செக்கன் தூங்கியே எழும்பும். நாம் முன்னதையே விரும்புகிறோம்.

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் கதை சற்று வேறு. அவை முதலில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சிறு தற்காலிக முறைமையை ஏற்றும். அது வழக்கமாக 30 செக்கன் வரை பார்த்திருந்து, ட்ரைவ் வராவிட்டால் அடைப்புக்குறிக்குள் தன் பெயரைக் காட்டி உங்கள் கட்டளையைக் கேட்கும். பதறவேண்டாம். சிறிது பொறுத்து 'எக்ஸிற்' என்று தட்டுங்கள். கணனி தொடர்ந்து இயங்கினால் பிழை நேரத்தில்தான். ரூட்டிலேயை 60 ஆக்குங்கள். இங்கே 30க்குக் குறைந்த எண் பயன்தராது. மீண்டும் அதே இடத்திற்கே திரும்பினால் நேரத்தைக் குறைசொல்ல முடியாது. ஹப்பைக் கழற்றி, கணனியின் பின்புற வாயிலில் ட்ரைவை நேரே செருகிப் பாருங்கள்.

கிரப் பட்டியலில் செய்த மாற்றம் அடுத்த முறை மறைந்துவிடும். பிழையாக எழுதினாலும் கேடில்லை என்பது இதனாலேதான். சரிவந்தால் நிரந்தரமாக்கலாம். 'ஈடிசி' அடைவினுள் 'டிஃபால்ட்' என்ற அடைவிலே 'கிரப்' என்ற கோப்பு உண்டு. அதிலே 'கிரப் சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபால்ட்' என்ற வரியின் மேற்கோள் குறிகளுக்குள் அச்சொல்லைச் சேர்த்து, நிர்வாகி உரிமையுடன் 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்டுங்கள். ராஸ்பெரி பை வைத்திருப்போர் தேடியலைய வேண்டியதில்லை. அதன் 'சிஎம்டிலைன்' கோப்பில் ரூட்வெயிட் ஏற்கெனவே உண்டு. அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்கவேண்டும், நடுவில் முறித்துவிடாதீர்கள்.