நாணயச் சேகரத்தை எங்கே விற்பது?

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் கிணறும் தென்னையுமாகத் தனி வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்த பெரியவர்கள், பிள்ளைகளின் உத்தியோகத்தை உத்தேசித்து நாவலூரின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயரும்போது, பரணிலிருந்து இறங்கும் சாமான்களிடையே ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் துணியில் முடிந்த பழங்காசுகளும் இருப்பது அபூர்வமன்று. புது வீட்டில் பரண் இல்லை. பிள்ளைகளுக்கு அதில் சிரத்தையும் இல்லை. ஆகையால் விற்றுவிடுவதென்று தீர்மானிக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியை அப்படியே ஒருவர் கையில் ஒப்படைத்து ஒரே தொகையாக வாங்கிக்கொள்வது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் ஒரே முடிச்சில் கிடந்தாலும் அக்காசுகளில் சில உலோகத்தின் விலைக்கு உரியவை, சில அபூர்வத்தின் விலைக்கு உரியவை, இன்னும் சிலவற்றின் மதிப்போ அவை சொல்லும் சரித்திரத்தில் இருக்கிறது. இம்மூன்றும் போய்ச் சேரவேண்டிய இடங்கள் வேறுவேறு.

எங்கே விற்பதானாலும் அதற்குமுன் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. குத்துவிளக்கைத் துலக்குவதுபோலக் காசுகளைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி எடுத்துச்செல்லும் நல்லெண்ணம், அவற்றின் விலையில் பெரும்பகுதியைக் கழுவிவிடுகிறது. செம்புக் காசின்மேல் பல்லாண்டுகளில் படிந்த கறுமையும், வெள்ளியின்மேல் படர்ந்த மங்கிய நிறமும் அதன் வயதுக்குச் சாட்சிகள். அவற்றைப் போக்கிய காசைச் சேகரிப்பாளர் ஒரு பார்வையிலேயே கண்டு ஒதுக்கிவிடுவார்.

உலோக விலைக்கு உரியவற்றைப் பிரிப்பது எளிது. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் தலை பொறித்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடையுள்ளது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாதலால், தேயாத ரூபாய் ஒன்றில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் எடை அதுவே, வெள்ளியோ சரிபாதிதான். 1947ஆம் வருஷத்து ரூபாய் முழுதும் நிக்கல். காந்தத்தை அருகே கொண்டுசென்றால் ஒட்டிக்கொள்ளும். சிறு தராசு ஒன்றும் அன்றைய வெள்ளி விலையும் கையில் இருந்தால் இக்கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம். கணக்கில்லாமல் அடகுக்கடைக்கோ சவுக்கார்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கோ போகிறவரிடம் மாற்றுக் குறைவு என்றும் உருக்குச் சேதாரம் என்றும் கழித்துக்கொண்டே போனால், அவரால் மறுத்துப் பேச முடியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் 1916, 1917, 1918 ஆகிய வருஷங்களில் கோடிக்கணக்கில் அடித்து வெளியிட்ட ரூபாய்கள் தேய்ந்த நிலையில் இருந்தால், அவற்றை இந்த வழியில் விற்பதில் நஷ்டம் அதிகமில்லை. அவற்றையும் நாணய வியாபாரி ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு விற்பதே உத்தமம். உருக்கு விலைக்குச் சற்று மேலாகவே அவர் கொடுப்பதுண்டு.

அபூர்வத்தைக் கண்டுகொள்ளச் சற்றுப் பொறுமை வேண்டும். 1911ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை விளிம்பில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் மன்னர் அங்கியை நோக்கினால், மார்புச் சங்கிலியில் ஒரு சிறு யானை தெரியும். துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டபடியால் அது பன்றியைப்போலத் தோன்றியது. ஜனங்களிடையே ஆட்சேபம் கிளம்பியது. அச்சிட்ட சுமார் 94 லட்சத்தில் ஏறக்குறைய 7 லட்சமே புழக்கத்துக்குப் போக, எஞ்சியவற்றை அரசாங்கம் உருக்கிவிட்டது. 1912 முதல் வந்த ரூபாயில் துதிக்கை நீண்டு, யானை யானையாகவே நிற்கிறது. கையகலத்துக்கும் குறைந்த வெள்ளித் தகட்டில், அதிலும் கடுகளவு மூலையில் நேர்ந்த இந்தப் பிசகுதான், எடையில் சமமான இரண்டு ரூபாய்களின் விலையை வெகுதூரம் பிரித்துவைத்திருக்கிறது. 1939ஆம் வருஷத்து ரூபாய் இதனினும் அரிது. அதனாலேயே அதில் போலிகளும் மிகுதி.

இத்தகையவற்றுக்கு ஏலமே தக்க வழி. மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் முதலிய நிறுவனங்கள் நாணய ஏலங்களை நடத்திவருகின்றன. படத்துடன் பட்டியல் அச்சிட்டு, தேசமெங்குமுள்ள சேகரிப்பாளர்களைப் போட்டியிட வைப்பதால், ஒரு வியாபாரி மனத்தில் நினைக்கும் விலையைத் தாண்டிப்போக இடமுண்டு. ஆயினும் விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். ஏலம் நடந்து பணம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். சாதாரணக் காசுகளைத் தனியே பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். கமிஷன் எவ்வளவு, எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது, விலைபோகாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் காசைக் கொடுக்கலாகாது.

ஏலத்துக்குப் போதாததாயும் உருக்குக்குத் தகாததாயும் இருப்பவைதாம் பெரும்பாலான பெட்டிகளில் அதிகம். அவற்றை மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கத்தாரிடமும், சென்னை நகரத்தில் அவ்வப்போது நடக்கும் நாணயக் கண்காட்சிகளிலும் காட்டி விற்பதையே நான் முதலாவதாகச் சொல்வேன். நாவலூரிலிருந்து நகரத்துக்குள் ஒரு நாள் போய்வரும் சிரமத்தைப் பார்க்காமல், ஒரே காசை மூன்று வியாபாரிகளிடம் காட்டி, மூவர் சொல்வதையும் குறித்துக்கொண்டால், சந்தை நிலவரம் அன்றே புலப்பட்டுவிடும். வியாபாரி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே அவருடைய ஜீவனம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை வஞ்சனையென்று எண்ணுவது நியாயமாகாது. பெருந்தொகையானால் வங்கி வழியாகவே பெறவேண்டும். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது.

தொலைபேசியில் வரும் அழைப்புகளை அறவே நம்பலாகாது. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் தருவதாகச் சொல்லி, முன்பணமாகப் பதிவுக் கட்டணம் கேட்பவர்கள் ஏமாற்றுக்காரர்களே. ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டிக் கமிஷன் பறிப்பவர்களைக் குறித்து அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் பகிரங்கமாக எச்சரித்தது. பழங்காசு வாங்கி விற்கும் விவகாரத்தில் அது ஈடுபடுவதே இல்லை. அதுபோலவே, ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று வருஷமிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரையணாக்கள் பிற்காலத்துப் போலிகள். பூஜையில் வைத்துக்கொள்ளலாமேயன்றி விலை பேசுவதற்கில்லை.

சட்டத்தையும் நினைவில் வைக்கவேண்டும். நூறாண்டுக்குக் குறையாத காசு, 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகிறது. அதை அயல்நாட்டிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ தபாலில் அனுப்பி அங்கே விற்கச் சொல்வது குற்றம். அத்தகைய காசுகளை உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்பதே பத்திரம். மண்ணில் புதைந்து கிடைத்ததானால் விஷயமே வேறு. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டுமேயொழிய விற்பனைக்குக் கொண்டுவரலாகாது.

கடைசியாக, சரித்திரத்தில் மதிப்புள்ளவை. ராஜராஜன் பெயர் தாங்கிய தேய்ந்த செப்புக் காசும், நாயக்கர் காலத்துச் சிறு காசும், நவராத்திரியில் அரிசியோடு அரண்மனையார் வழங்கிய புதுக்கோட்டை அம்மன் காசும் சந்தையில் பெரும்பாலும் மலிவாகவே விலைபோகும். ஆனால் எந்த ஊரில், எந்த வருஷம், யாரிடம் வாங்கியது என்ற குறிப்போடு ஒருவர் சேர்த்துவைத்திருந்தால், அத்தொகுதி ஆராய்ச்சிக்கு உரிய ஆதாரமாகிவிடுகிறது. பெருவழுதி என்ற பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசை அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளியிட்டது, பிறர் கழித்துப்போடக்கூடிய சிறு செப்புக் காசுகளைச் சிரத்தையாகப் பார்த்ததன் பலனே. இவற்றை உதிரியாக விற்று வரும் சில ஆயிரங்களைக் காட்டிலும், முழுத் தொகுதியாக ஒரு சேகரிப்பாளருக்கு விற்பதோ, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை அணுகி நன்கொடையாக அளிக்க இயலுமா என்று விசாரிப்பதோ மேலானது என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன். அதற்குச் சேகரித்தவர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காசுக்கு ஒரு காகித உறையாகப் போட்டு, அவர் வாயால் சொல்லும் ஊரையும் வருஷத்தையும் பென்சிலால் உறையின்மேல் எழுதிவைக்கவேண்டும். மை ஊறிக் காசில் படியும், பென்சில் படியாது.