குருத்தோலையும் வண்ண முட்டையும்

நுழையுமுன்
விழாக்கள் வீட்டையும் ஊரையும் இணைப்பவை. சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களில், அவை மறந்துபோகக்கூடிய சொற்களையும் மீட்டுத் தருகின்றன. ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி வீட்டில் செய்யத்தக்க மூன்று செயல்களை இப்பாடத்தில் காண்போம். எச்சமயத்தைச் சார்ந்த மாணவரும் இவற்றைச் செய்து மகிழலாம்.

1. நாளைக் கணக்கிடுவோம்
கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் டிசம்பர் 25ஆம் நாள் வருகிறது. ஈஸ்டருக்கு அத்தகைய நிலையான நாள் இல்லை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவை அடுத்துள்ள ஞாயிறே ஈஸ்டர் ஆகும். முழுநிலவு ஞாயிறன்றே வந்தால், அதற்கு அடுத்த ஞாயிறன்று விழா கொண்டாடப்படும். இந்தியாவில் பெரும்பாலான திருச்சபைகள் பின்பற்றும் முறை இதுவே.

2024ஆம் ஆண்டில் மார்ச் 25, திங்கட்கிழமை முழுநிலவு. நீங்கள் வண்ணப்பொடி தூவி ஹோலி விளையாடிய நாளும் அதுவே. அவ்வாரத்தின் இறுதியில், மார்ச் 31 அன்று ஈஸ்டர் வந்தது. 2025இல் ஏப்ரல் 13, ஞாயிறன்று முழுநிலவு. ஆகவே ஏப்ரல் 20 அன்று ஈஸ்டர் கொண்டாடப்பட்டது.

2. ஓலைச் சிலுவை செய்வோம்
ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு எனப்படும். இயேசு எருசலேம் நகருக்குள் நுழைந்தபோது மக்கள் அவரை வரவேற்றதன் நினைவாக, இந்நாளில் ஓலைகளை ஏந்திப் பவனி செல்வர். தமிழ்நாட்டில் தென்னங்குருத்தும் பனங்குருத்தும் இதற்குப் பயன்படுகின்றன. அவ்வோலைகளில் சிலுவை பின்னுவதைப் பெரியவர்கள் சிறுவர்களுக்குக் கற்றுத்தருவர்.

செய்முறை:
• 30 செ.மீ. நீளமுள்ள ஓலைக்கீற்றை இரண்டாக மடியுங்கள். 15 செ.மீ. நீளமுள்ள நெடுந்தண்டு கிடைக்கும்.
• 20 செ.மீ. நீளமுள்ள மற்றொரு கீற்றின் இரு முனைகளும் நடுவில் சந்திக்குமாறு மடியுங்கள். இது குறுக்குக் கை.
• நெடுந்தண்டின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில், முனைகள் பின்புறம் இருக்குமாறு குறுக்குக் கையை வையுங்கள்.
• மெல்லிய ஓலைநாரால் பெருக்கல் குறிபோல் சுற்றி, பின்பக்கம் முடிச்சிடுங்கள்.

ஓலை கிடைக்காத நகரங்களில் தடித்த தாளைப் பயன்படுத்தலாம்.

சொல்லை அறிவோம்: மாமரத்தில் இருப்பது இலை. தென்னையிலும் பனையிலும் இருப்பது ஓலை. ஓலையின் நடுநரம்பு ஈர்க்கு. இன்னும் விரியாத இளம் ஓலை குருத்து. காய்ந்து விழும் முதிர்ந்த ஓலை காவோலை. தாவரங்களின் உறுப்புகளை இவ்வாறு வேறுபடுத்திச் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியம் மரபியலில் பதிவு செய்துள்ளது.

"காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்" என்பது பழமொழி. இன்று இளமையாக இருப்பதும் நாளை முதுமை அடையும் என்பது இதன் கருத்து. முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலையே அடுத்த ஆண்டு சாம்பல் புதனன்று நெற்றியில் இடுவர். ஓலை பின்னத் தெரிந்த பாட்டியிடம் இன்று கேட்டுக் கற்காவிடில், அக்கைத்திறனும் அதற்குரிய சொற்களும் அவரோடு மறைந்துவிடும்.

3. முட்டைக்கு வண்ணம் ஏற்றுவோம்
ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவருவதால், முட்டை புதுவாழ்வின் அடையாளமாயிற்று. கிரேக்க நாட்டினர் ஈஸ்டருக்காக முட்டைகளுக்குச் சிவப்பு வண்ணம் ஏற்றுவர். நாம் நம் அடுக்களைப் பொருள்களைக் கொண்டே வண்ணம் ஏற்றலாம். அடுப்பருகே பெரியவர் ஒருவர் துணையிருக்க வேண்டும்.

• இரு கைப்பிடி வெங்காயச் சருகை நீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள். இரண்டு தேக்கரண்டி வினிகர் சேருங்கள்.
• வெள்ளை முட்டையின்மேல் கொத்தமல்லி இலை ஒன்றை ஒட்டி, மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள்.
• அதனைச் சாயநீரில் இட்டு, மிதமான தீயில் 10 நிமிடம் வேகவையுங்கள்.
• நன்கு ஆறியபின் துணியை அவிழ்த்தால், செம்பழுப்பு ஓட்டில் இலையின் வடிவம் வெண்மையாகத் தெரியும்.

மஞ்சள்தூள் மஞ்சள் நிறத்தைத் தரும். முட்டையோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வினிகரிலுள்ள அமிலம் அதனைச் சிறிது கரைப்பதால் வண்ணம் நன்கு பற்றுகிறது. முட்டை உண்ணாத வீட்டினர் வழவழப்பான கூழாங்கல்லில் வண்ணம் தீட்டலாம்.

சொற்பொருள்
பவனி – ஊர்வலம்
சருகு – உலர்ந்த தோல், உலர்ந்த இலை
அடுக்களை – சமையலறை

பயிற்சி
அ. விடையளிக்க.
1. 2026ஆம் ஆண்டில் ஏப்ரல் 2, வியாழக்கிழமை முழுநிலவு எனில், ஈஸ்டர் எந்நாள்?
2. முட்டைச் சாயத்தில் வினிகர் சேர்ப்பது ஏன்?
3. பழமொழியின் கருத்தை உம் சொந்த நடையில் எழுதுக.

ஆ. இலை, ஓலை ஆகியவற்றுள் ஏற்றதைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
வாழை, பனை, வேம்பு, தென்னை

இ. செயல்பாடு
ஊரிலுள்ள தாத்தா அல்லது பாட்டியுடன் தொலைபேசியில் தமிழில் உரையாடுக. இளமையில் ஓலையால் அவர் செய்த பொருள்கள் எவை எனக் கேட்டறிக. அவர் கூறும் சொற்களுள் உமக்குப் புதியனவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, வகுப்பில் பகிர்க.