காயை ஒதுக்குற பெரியவங்களைக் காய் சாப்பிட வைக்க… அக்காவோட டிப்ஸ்

தங்கச்சிகளா, "குழந்தையா இருந்தா கதை சொல்லி ஊட்டிடலாம்க்கா, முப்பத்தஞ்சு வயசு ஆளை என்ன பண்றது?"ன்னு கேக்காத வீடு குறைவு. தட்டோரம் ஒதுக்கின பீன்ஸ், சாம்பார்லேருந்து பொறுக்கி எடுத்த கத்திரிக்காய், தொடாமலே திரும்பி வர்ற டிபன் பாக்ஸ் கூட்டு. ஒரு வீட்ல கணவர், ஒரு வீட்ல தம்பி, இன்னொரு வீட்ல ஹாஸ்டல்ல பரோட்டாவும் பிரியாணியுமா பழகிட்டு வந்த தங்கச்சி.

பெரியவங்களை அதட்டியும் மாத்த முடியாது, ஏமாத்தியும் மாத்த முடியாது. "காய் பிடிக்காது"ங்கிறது ஒரே பதில் மாதிரி தெரியும். ஆனா அதுக்குள்ள கசப்பு, வழவழப்பு, வாசனை, பழைய ஞாபகம்னு வேற வேற காரணம் இருக்கு. அவங்க நாக்கு எதை மறுக்குதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கேத்த மாதிரி பக்குவத்தை மாத்தினாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

எவ்வளவு சாப்பிடணும்?

ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல, நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு கீரையும் சேர்த்து 400 கிராம் காய், 100 கிராம் பழம்னு சொல்லியிருக்காங்க. அதாவது தட்டுல பாதி காயும் பழமுமா இருக்கணும். நம்ம வீடுகள்ல தட்டுல முக்கால்வாசி சோறுதான். சாம்பார்ல மிதக்கிற ரெண்டு முருங்கைத் துண்டை வெச்சு "காய் சாப்பிட்டாச்சு"ன்னு கணக்கு முடிச்சிடுறோம். உருளைக்கிழங்கு பொரியலும் இந்தக் கணக்குல வராது. மாவுச்சத்து அதிகங்கிறதால அதைச் சோத்துப் பக்கம்தான் சேர்க்கணும்.

இந்த 400 கிராமைக் கேட்டு மலைச்சுப் போகாதீங்க. அது போய்ச் சேர வேண்டிய இடம். தொடங்குறது ஒரு கரண்டியில.

1. முதல்ல கேளுங்க

சாப்பிடுற நேரத்துல வேண்டாம். வயிறும் மனசும் நிறைஞ்சிருக்கிற வேளையில, "வெண்டைக்காய்ல உங்களுக்கு எது பிடிக்கலை? கொழகொழப்பா, வாசனையா, ருசியா?"ன்னு நிதானமாக் கேளுங்க. கூடவே அவங்க முகம் சுளிக்காமச் சாப்பிடுற காய், கிழங்கு, பழம் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதச் சொல்லுங்க. "எதையுமே தொட மாட்டார்"னு நீங்க நினைச்சவர் பட்டியல்ல மாங்காய், வெள்ளரி, சோளம், வாழைக்காய் சிப்ஸ்னு நாலைஞ்சாவது இருக்கும். அங்கேருந்துதான் வழி ஆரம்பிக்குது.

2. கசப்புதான் பிரச்சனைன்னா

எல்லார் நாக்கும் கசப்பை ஒரே அளவுல உணர்றதில்லை. 1931-ல அமெரிக்காவுல ஆர்தர் ஃபாக்ஸ்ங்கிற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்துட்டிருந்தப்போ ஒரு பொடி காத்துல பறந்துது. கூட இருந்தவர் "ரொம்பக் கசக்குது"ன்னார், ஃபாக்ஸுக்கு ஒண்ணுமே தெரியலை. அந்த வித்தியாசம் பரம்பரையா வர்றதுன்னு பின்னாடி நிரூபணமாச்சு. முட்டைகோஸ், நூக்கல் குடும்பத்துக் காய்கள்ல இருக்கிற சில பொருட்கள், கசப்பை அதிகமா உணர்ற நாக்குக்குக் கூடுதலாக் கசக்கும். அதனால "நடிக்கிறார்"னு நினைக்காதீங்க. நீங்க சாப்பிடுற அதே பொரியல் அவருக்கு நிஜமாவே வேற ருசியா இருக்கலாம்.

கசப்பை அடக்க உப்பு, புளிப்பு, இனிப்பு, எண்ணெய் நாலும் உதவும். பாகற்காயை மெல்லிசா வட்டமா நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசிறி அரை மணி நேரம் வெச்சு, வர்ற தண்ணியை ஒட்டப் பிழிஞ்சிடுங்க. அப்புறம் புளி, துவரம்பருப்பு, வறுத்து அரைச்ச மசாலா, ஒரு சின்னத் துண்டு வெல்லம் சேர்த்து பிட்லை வெச்சா கசப்பு பின்னாடி போயிடும். பிசிறும்போதே உப்பு ஏறியிருக்கும், குழம்புல பாதி போட்டா போதும். ஆனா தொடக்கமே பாகற்காயில வேண்டாம். பூசணி, கேரட், பீட்ரூட், பச்சைப்பட்டாணி மாதிரி இயல்பாவே இனிப்பு இருக்கிறதுல ஆரம்பிங்க.

3. கொழகொழப்பும் குழைவும் பிடிக்காதவங்களுக்கு

வெண்டைக்காயை நறுக்கினப்புறம் கழுவுறதும், மூடி போட்டு வேக வைக்கிறதும்தான் கொழகொழப்பைக் கூட்டுது. முழுசாக் கழுவி, துணியால ஒவ்வொண்ணா துடைச்சு, ஃபேன் காத்துல நல்லா உலர விடுங்க. கத்தியிலயும் பலகையிலயும் ஈரம் இருக்கக் கூடாது. அகலமான இரும்புச் சட்டியில எண்ணெய் காய்ஞ்சதும் காயை நெருக்கமில்லாமப் பரப்பி, மூடாம வதக்குங்க. நூல் விட ஆரம்பிக்கிறப்போ ஒரு ஸ்பூன் தயிர், இல்லேன்னா கொஞ்சம் புளித்தண்ணி தெளிங்க. உப்பு கடைசியில. ஓரமெல்லாம் லேசா சிவந்து மொறுமொறுன்னு நிக்கும்.

சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் தண்ணியா இருக்குன்னு ஒதுக்குறவங்களுக்கு, கடலைப்பருப்பைத் தனியா மலர வேக வெச்சு, காயை முக்கால் பதம் வதக்கிச் சேருங்க, கடிக்க ஏதாவது கிடைக்கும். பீர்க்கங்காய் தோலை வதக்கி, உளுந்து, காய்ஞ்ச மிளகாய், புளி வெச்சு அரைச்ச துவையலை இட்லிக்கோ சூடான சோத்துக்கோ கொடுங்க. கத்திரிக்காயோட குழைவு ஆகாதவங்க, அதைச் சுட்டுப் பிசைஞ்சு கொத்சு பண்ணினா வெண்பொங்கலுக்குத் தொட்டுச் சாப்பிட்டுடுவாங்க.

வெந்த கேரட்டைத் தொடாத சிலர் பச்சையாக் கடிச்சுச் சாப்பிடுவாங்க. அவங்களுக்கு ஊற வெச்ச பாசிப்பருப்பு, துருவின கேரட், வெள்ளரி, மாங்காய், எலுமிச்சை சேர்த்த கோசம்பரி, இல்லேன்னா தயிர்ப் பச்சடி. வேக வெச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

4. வாசனை பிடிக்கலைன்னா

முட்டைகோஸ் வாசனை வர்றதுக்குக் காரணம் அதை நாம ரொம்ப நேரம் வேக விடுறதுதான். வேக வேக அதுல இருக்கிற கந்தகப் பொருட்கள் உடைஞ்சு நாத்தம் கூடும். பொடியா நறுக்கி, கடுகு, உளுந்து, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, பெரிய தீயில மூடாமப் பிரட்டி, கொஞ்சம் மொறுமொறுப்பு இருக்கும்போதே தேங்காய் தூவி இறக்கிடுங்க. குக்கர்ல போடவே போடாதீங்க.

கீரை வாசனைக்குப் பூண்டு, சீரகம், சின்ன வெங்காயம் கைகொடுக்கும். சிறுகீரை, அரைக்கீரை, பாலக் மாதிரி மென்மையான கீரையைப் பாசிப்பருப்போட கடைஞ்சு கொடுத்துத் தொடங்குங்க. அகத்தியும் மணத்தக்காளியும் பின்னாடி வரட்டும்.

5. பழைய ஞாபகம் தடுக்குதுன்னா

சின்ன வயசுல அடிச்சு ஊட்டினது, மெஸ்ல தினமும் போட்ட ஒரே பூசணிக் கூட்டு, ஒரு தடவை சாப்பிட்டு வாந்தி எடுத்தது… இதெல்லாம் ஆழமாப் பதிஞ்சிருக்கும். அந்தக் காயை அந்த வடிவத்துல திரும்பத் தராதீங்க. பூசணிக் கூட்டு ஆகாதவங்களுக்குப் பூசணிப் புளிக்குழம்பு. அதுவும் வேண்டாம்னா பூசணியையே விட்டுடுங்க. காய்க்கா பஞ்சம்? ஒண்ணு ரெண்டை வாழ்நாள் முழுக்கத் தொடாட்டாலும் குறை ஒண்ணும் வந்துடாது.

6. பிடிச்சதுலேருந்து அடுத்த படி

உருளை வறுவல் பிடிக்குமா? அதே மசாலாவுல வாழைக்காய், அடுத்து சேனை, அப்புறம் கோவைக்காய், பீன்ஸ். முட்டை பிடிக்குமா? பொடிமாஸ்ல ஒரு பிடி முருங்கைக்கீரை, இல்லேன்னா பொடியா நறுக்கின முட்டைகோஸ். மீன் குழம்பு இல்லாம முடியாதா? அதுலயே மாங்காயும் முருங்கைக்காயும் போடுங்க. கறிக்குழம்புக்கு முள்ளங்கியோ நூக்கலோ சேரும். தோசைப் பிரியர்னா, முருங்கைக்கீரை உருவிப் போட்ட அடை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்க. காயும் புதுசு, மசாலாவும் புதுசுன்னா நாக்கு மிரண்டுடும்.

7. ஒரு கரண்டி, திரும்பத் திரும்ப

புது ருசி முதல் தடவையிலேயே பிடிக்கிறது அபூர்வம். பத்துப் பன்னிரண்டு தடவை கூட ஆகலாம். ஒரு கரண்டி மட்டும் வைங்க, முடிச்சா போதும்னு விட்டுடுங்க. ஒரு வாரம் கழிச்சு வேற பக்குவத்துல அதே காய் வரட்டும். வேண்டாம்னு சொன்னா, "சரி"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுங்க. அந்தச் "சரி"யில கோபம் தெரியக் கூடாது.

8. பசிக்கும்போது முதல்ல காய்

சோறும் குழம்பும் உள்ள போயி வயிறு நிறைஞ்சப்புறம் பொரியலைத் தள்ளினா யாரும் தொட மாட்டாங்க. சமையல் முடியுற நேரம் "என்ன இருக்கு?"ன்னு அடுப்படிக்கு வருவாங்களே, அப்போ ஒரு கிண்ணத்துல சூடான பொரியலையோ, மிளகுத்தூள் தூவின காய் சூப்பையோ நீட்டுங்க. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு இதுல இன்னொரு லாபமும் உண்டு. காயை முதல்ல சாப்பிட்டு, சோத்தைக் கடைசியில சாப்பிட்டா, சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை ஏறுற வேகம் குறையுது.

9. அரைக்கலாம், மறைக்கக் கூடாது

சப்பாத்தி மாவுல பாலக், சட்னியில கேரட், குருமாவுல அரைச்ச காலிஃபிளவர்னு தாராளமாச் செய்யுங்க. ஆனா "இதுல என்ன போட்டிருக்கே?"ன்னு கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்க. ஏமாத்தினது தெரிஞ்சா, அப்புறம் நீங்க வெக்கிற எல்லாத்தையும் சந்தேகத்தோடதான் கிளறிப் பார்ப்பாங்க. "போன வாரம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அதுல சுரைக்காய் இருந்துது"ன்னு சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்றதையும் தவிர்த்திடுங்க. ஜெயிச்சது நீங்களா இருக்கலாம், தோத்தது உங்க மேல உள்ள நம்பிக்கை.

10. சொல்லக் கூடாதது, செய்ய வேண்டியது

"சின்னப்புள்ளையா நீங்க?", "உங்கம்மா கெடுத்து வெச்சிருக்காங்க", "பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்க" இந்த மூணும் வேண்டாம். சொந்தக்காரங்க நடுவுல அவர் தட்டைப் பத்திப் பேசவே பேசாதீங்க. பெரியவங்களுக்கு அது சாப்பாட்டுப் பேச்சு இல்லை, மரியாதைப் பேச்சு.

அவங்களையும் வேலையில சேர்த்துக்கோங்க. உழவர் சந்தைக்கோ காய்கறிக் கடைக்கோ கூட்டிட்டுப் போயி, "இந்த வாரத்துக்கு ரெண்டு காய் நீங்க எடுங்க"ன்னு விடுங்க. தானே பொறுக்கி எடுத்த பிஞ்சு வெண்டைக்காயைத் தானே நறுக்கினவங்க, அதை ஒரு வாயாவது ருசி பார்ப்பாங்க. இன்னொண்ணும் சொல்லணும். ஒரு ஆளுக்காகத் தினமும் தனிச் சமையல் செஞ்சு உங்க இடுப்பு ஒடிய வேண்டாம். வளர்ந்த மனுஷனோட உடம்புக்கு முதல் பொறுப்பு அவங்கதான். நீங்க துணை.

11. இதுல மட்டும் கவனம்

நார்ச்சத்தைத் திடீர்னு கூட்டினா வயிறு உப்பும். மெதுவாக் கூட்டுங்க, தண்ணியும் சேர்த்துக் குடிக்கச் சொல்லுங்க. கீரையில இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சேர எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி உதவும். சாப்பிட்ட கையோட டீ, காபி குடிச்சா அது தடைபடும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்க கீரை அளவைத் திடீர்னு மாத்தக் கூடாது. சிறுநீரகப் பிரச்சனை இருக்கிறவங்களுக்குப் பொட்டாசியம் கணக்கு இருக்கு. இவங்க ரெண்டு பேரும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் மாத்தணும்.

பல் வலி, வாய்ப்புண், வாசனை தெரியாமப் போறது இதனாலயும் சாப்பாடு சுருங்கும், அதைப் பாருங்க. விரல் விட்டு எண்ணுற உணவுகளை மட்டுமே சாப்பிட்டு, புதுசைப் பார்த்தாலே குமட்டி, எடையும் குறைஞ்சா அது பிடிவாதம் இல்லை. 2013-லயே மருத்துவ உலகம் அதைத் தனி உணவுக் கோளாறா வகைப்படுத்தியிருக்கு, பெரியவங்களுக்கும் வரும். டாக்டர், உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர் மூணு பேரோட உதவியும் தேவைப்படலாம். தயங்காமக் கூட்டிட்டுப் போங்க.

இந்த வாரமே தொடங்க

ஞாயித்துக்கிழமை உக்காந்து பிடிச்சதுக்கு ஒண்ணு, பிடிக்காததுக்கும் காரணத்துக்கும் ஒண்ணுன்னு ரெண்டு பட்டியல் எழுதுங்க. பிடிச்ச பட்டியல்லேருந்து ஒரு காயை வாரத்துல மூணு நாள் வைங்க. பிடிக்காததுல ஒரே ஒண்ணை எடுத்து, காரணத்துக்கேத்த பக்குவத்துல புதன்கிழமை ஒரு கரண்டி. மத்த நாள்ல வழக்கமான சமையல்தான். மாசக் கடைசியில ரெண்டு பேருமா அந்தத் தாளை எடுத்துப் பாருங்க. பிடிச்ச பட்டியல்ல ஒரு காய் கூடியிருந்தாலும் அது லாபம்தான். வருஷத்துக்குப் பன்னிரண்டு காய் கூடினா, அந்தத் தட்டு உங்க வீட்ல எல்லாரும் சாப்பிடுற தட்டாயிடும்.