வென்றவர்களிடம் கேட்க வேண்டிய திகதி

அன்பு மகளுக்கு,

பெரியப்பாவுக்கு உன் கடிதம் கிடைத்தது. தேசிய மக்கள் சக்தியின் இளைஞர் அணியில் சேர்ந்துவிட்டதாகவும், மாகாண சபைத் தேர்தல் வந்தால் புசல்லாவையிலிருந்து தெல்தோட்டை வரை தோட்டம் தோட்டமாகப் போய் வேலை செய்யப்போவதாகவும் எழுதியிருந்தாய். நல்லது. படித்த பிள்ளைகள் அரசியலுக்குள் இறங்காமல் ஒதுங்கி நின்ற காலம் போதும். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "மத்தியில் வந்துவிட்டோம், மாநகர சபையிலும் வந்துவிட்டோம், மாகாணமும் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்று. இந்த நீண்ட பதில் அந்த ஒரு வரிக்காகத்தான்.

உன் உற்சாகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் உங்கள் தலைவர் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 சதவீதம். 2020 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு நாடு முழுவதும் மூன்றே ஆசனங்கள், கண்டியில் ஒன்றுமில்லை. அதே கட்சி 2024 செப்டம்பரில் ஜனாதிபதிப் பதவியை வென்றது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 14ஆம் திகதி, 159 ஆசனங்களோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. கண்டி மாவட்டத்தின் 12 ஆசனங்களில் ஒன்பது அவர்களுக்கு. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் கண்டி மாநகர சபையிலும் அவர்களே முன்னுக்கு நின்றார்கள். யானைச் சின்னத்துக்கும் மொட்டுச் சின்னத்துக்கும் மாறி மாறிப் பழகிய ஊரில் இது பெரிய மாற்றம்.

மாகாணம் மட்டும் இந்தக் கணக்கில் இல்லை. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டம்பர் 21ஆம் திகதி. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. உன் வயதுப் பிள்ளைகள் ஒருவர்கூட வாழ்க்கையில் மாகாண சபைக்கு ஒரு புள்ளடி போட்டதில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதை நீ சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வீட்டு வாசலில் முதலில் வரும் கேள்வி அதுதான். 2017 செப்டம்பரில் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. பழைய விகிதாசார முறையை எடுத்துவிட்டு, பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தது. தொகுதி என்றால் எல்லை வேண்டும். கே. தவலிங்கம் தலைமையிலான குழு எல்லைகளைப் பிரித்து அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அந்த அறிக்கைக்கு எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றுமில்லை. சபைக்கு அதைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. இந்த இடுக்கில்தான் ஒன்பது மாகாணங்களும் மாட்டிக்கொண்டன. பழைய முறைக்கே திரும்பித் தேர்தலை நடத்தலாம் என்று எம். ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதுவும் கரை சேரவில்லை. சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தால் தீரக்கூடிய சிக்கலை வைத்துக்கொண்டு அரசாங்கத்துக்குப் பின் அரசாங்கமாக ஆண்டுகளைக் கடத்தியது மன்னிக்கக்கூடிய காரியமில்லை.

"சபை இல்லாமலும் எல்லாம் நடக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல, கண்டியில் ஒரு பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்று பார். சிவப்பு நிற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் மத்திய அரசின் கீழ். பக்கத்தில் நிற்கும் கொழும்புத் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. மாகாணத்துக்குள்ளேயே ஓடும் தனியார் பஸ்ஸுக்குக் கொடுப்பது மாகாணம். பஸ் ஓடும் பிரதான வீதிகள், அதாவது ஏ, பி வகுப்பு வீதிகள், மத்திய அரசுக்கு. அவற்றிலிருந்து பிரிந்து மலைக்குள் ஏறும் சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு. கண்டி தேசிய வைத்தியசாலை மத்திய அரசுக்கு, ஊர்ப்புறத்துச் சின்ன வைத்தியசாலைகள் மாகாணத்துக்கு. உன் ஸ்கூட்டருக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தின் பணமும் மாகாணத்துக்கே போகிறது.

பாடசாலைகளைப் பற்றிப் பெரியப்பா கொஞ்சம் அதிகமாகவே பேசுவார், பொறுத்துக்கொள். நகரத்துப் பெரிய தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கையில். தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகள் மாகாணத்தின் கையில். தோட்டப் பாடசாலை ஒன்றுக்குக் கணித ஆசிரியர் இல்லை என்று வை. அதிபரின் கடிதம் கோட்டக் கல்வி அலுவலகம் போகும், அங்கிருந்து வலயம், வலயத்திலிருந்து மாகாணக் கல்வித் திணைக்களம், பிறகு மாகாண அமைச்சு. சபை இருந்த காலத்தில் அந்தப் பாதையின் முடிவில் ஓர் ஆள் இருந்தார். மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கென்று அமைச்சர்களே இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் நன்றாகச் செய்தார்களா என்பது வேறு விவாதம். அமைச்சர் செய்யவில்லையென்றால் அடுத்த தேர்தலில் தோட்டத்து மக்கள் கணக்குத் தீர்க்கலாம். அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இன்று அந்தக் கடிதத்தின் பாதை ஆளுநரிடம் முடிகிறது. ஆளுநர் ஜனாதிபதி நியமிப்பவர். அவர் நல்லவராகவே இருந்தாலும் வாக்குக் கேட்டு வந்தவர் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் அடித்தபோது கண்டி மாவட்டத்தின் மலைகள் சரிந்ததை நீயே கண்டாய். அதிகாரிகளும் படையினரும் ஊர் இளைஞர்களும் ஓடி ஓடி வேலை செய்தார்கள். மாகாண சபை உறுப்பினர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வீடிழந்தவர்களை எங்கே குடியேற்றுவது, எந்த வீதியை முதலில் திருத்துவது என்ற கேள்விகள் எழுந்தபோது, மாகாணத்தின் பெயரால் பேச மக்கள் தெரிவு செய்த ஒரு குரல்கூட இந்த மலைநாட்டில் இருக்கவில்லை.

இனி, மாகாணத்தைப் பிடித்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற உன் வரி. நம் நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. 1993 மே மாதத் தேர்தலில் மேல் மாகாணத்தைப் பிடித்து முதலமைச்சரானவர் சந்திரிகா குமாரதுங்க. அடுத்த ஆண்டு மார்ச் 24ஆம் திகதி அவருடைய பொதுஜன ஐக்கிய முன்னணி தென் மாகாணத்தையும் வென்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஐக்கிய தேசியக் கட்சியின் 17 ஆண்டு ஆட்சி முடிந்தது. அப்போது மாகாணம்தான் படிக்கட்டு. ஏறியவர்கள் மேலே போனபின் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்களா? மாகாணங்களுக்குப் புதிதாகப் பெரிய அதிகாரம் ஒன்றும் வந்து சேரவில்லை.

வடக்கைப் பார். 2013 செப்டம்பர் 21ஆம் திகதி, நாம் இங்கே வாக்களித்த அதே நாளில், அங்கே முதன்முறையாக வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. சி. வி. விக்னேஸ்வரன் 1,32,000க்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளோடு முதலமைச்சரானார். அதைவிடப் பெரிய வெற்றியை யார் கேட்க முடியும்? ஆனால் ஆளுநர் நாற்காலியில் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவர் இருந்தார். முதலமைச்சர் நிதியம் அமைக்கும் நியதிச்சட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. காணியும் பொலிஸும் சட்டப் புத்தகத்தில் மட்டுமே மாகாணத்துக்கு. அது ஒரு பாதி. மறு பாதியையும் சொல்ல வேண்டும்: 2017இல் சொந்தக் கட்சிக்காரர்களே முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கையளித்தார்கள். தீர்மானங்கள் நிறைய வந்தன, நியதிச்சட்டங்கள் குறைவு. ஐந்து ஆண்டு அப்படியே கரைந்தது.

தமிழ்நாட்டில் 1967இல் தி.மு.க. வென்றதைச் சொல்லி, "ஒரு தேர்தலில் எல்லாம் மாறவில்லையா" என்று உன் தோழர்கள் கேட்கக்கூடும். ஆனால் முதலமைச்சர் அண்ணாதுரையின் கையில் பொலிஸ் இருந்தது, வரி இருந்தது, சட்டமன்றம் இருந்தது. மாநிலத்தின் பெயரையே அவர் காலத்தில் மாற்ற முடிந்தது. நம்முடைய மாகாண சபை அந்த அளவு பலமுள்ளதில்லை. பணத்தின் பெரும்பகுதி கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். மக்களிடம் பேசும்போது இதை மறைக்காமல் சொல். பெரிதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தலைகுனிவதைவிட அது நல்லது.

சரி, இவ்வளவு குறைந்த அதிகாரமுள்ள சபைக்கு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? கண்டித் தமிழருக்கு அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அது வெறும் கணக்கு.

பாராளுமன்றத்துக்குக் கண்டி மாவட்டத்தில் 12 ஆசனங்கள். மாகாண சபையில் 58 இடங்கள், அவற்றில் கண்டிக்கு 29. மாவட்டத்தில் தமிழர் ஏறக்குறைய பத்தில் ஒருவர். 12 இடங்களில் ஒன்றைப் பிடிக்க நூற்றுக்கு எட்டுப் பேரின் வாக்கு வேண்டும். 29 இடங்களில் ஒன்றுக்கு மூன்றரைப் பேர் போதும். தமிழ் அரசியல்வாதி வேலுகுமார் 2015இலும் 2020இலும் கண்டியிலிருந்து பாராளுமன்றம் போனார், பெரிய கட்சியின் பட்டியலில் நின்று விருப்பு வாக்குகளை ஒன்றுசேர்த்ததால். 2024 அலையில் அந்த இடம் போய்விட்டது. கண்டியிலிருந்து ஒரு தமிழரும் தெரிவாகவில்லை. நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் உன் கட்சியிலேயே வென்றார்கள், மலையகப் பெண்கள் பாராளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. அதைப் பார்த்து நீ மகிழ்ந்தது நியாயம். கண்டியில் அது நடக்கவில்லை என்பதையும் கட்சிக் கூட்டத்தில் நீ எழுந்து சொல்ல வேண்டும்.

இங்கேதான் தேர்தல் முறை உயிர்நாடி ஆகிறது. பழைய விகிதாசார முறையில் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை, மடுல்கலை என்று சிதறிக் கிடக்கும் தோட்ட வாக்குகள் மாவட்டக் கணக்கில் ஒன்றாகச் சேரும். ஒருவருக்கு மூன்று விருப்பு வாக்குகள், அவற்றைத் திட்டமிட்டுப் போட்டால் இரண்டு மூன்று பேர் வரலாம். தொகுதி முறையில் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். ஒரு தோட்டத்தின் மேல்பிரிவு ஒரு தொகுதியிலும் கீழ்ப்பிரிவு இன்னொன்றிலும் விழுந்தால், இரண்டிலும் நம் ஆட்கள் சிறுபான்மை. 139 பேர் எதிர்த்த அறிக்கையில் மலையகக் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் பயந்தது இதற்குத்தான். அந்தப் பயம் நியாயமானது.

இன்னொன்று, உனக்குக் கசக்கலாம். தேசிய மக்கள் சக்தியின் அச்சாணியான ஜே.வி.பி.யின் ஆரம்ப கால ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தமிழரைச் சந்தேகத்தோடு பார்க்க அது பலரைப் பழக்கியது. 1987இல் மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தம் வந்தபோது அவர்கள் மாகாண சபையை ஆயுதத்தோடு எதிர்த்தார்கள். 1988இன் முதல் தேர்தல் அந்தப் பயங்கரத்தின் நடுவில்தான் நடந்தது, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் புறக்கணித்தது. வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவர்கள் தொடுத்த வழக்கில் வந்தது. கட்சி மாறியிருக்கிறது. 1999இல் மாகாண சபைத் தேர்தலில் போட்டியிட்டது. 2023 ஒக்டோபரில் ஹட்டனில் மலையகத் தமிழருக்கென்று ஒரு பிரகடனம் வெளியிட்டது. 2024 விஞ்ஞாபனத்தில், பின்போடப்பட்ட மாகாண சபைத் தேர்தலை ஓராண்டுக்குள் நடத்துவோம் என்று எழுதியது. மாற்றத்தைப் பெரியப்பா நம்புகிறார். ஓராண்டு கடந்துபோனதையும் கணக்கில் வைத்திருக்கிறார். மூன்றில் இரண்டுக்கு மேல் பலமுள்ள அரசாங்கத்துக்கு ஒரு சட்டத்தைத் திருத்துவது முடியாத காரியமில்லை.

ஆகவே மகள், கட்சியை விட்டு வா என்று சொல்லவில்லை. உள்ளே இரு. 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தமிழிலும் இருக்கிறது, எடுத்து வாசி. உன் பகுதியில் எந்தப் பாடசாலை, எந்த வைத்தியசாலை, எந்த வீதி மாகாணத்துக்குரியது என்று ஒரு கொப்பியில் எழுது. தோட்டத்துக்குப் போகும்போது கட்சித் துண்டுப்பிரசுரத்தோடு அதையும் கொண்டு போ. வேட்பாளர் பட்டியல் தயாராகும்போது கண்டியில் தமிழ்ப் பெயர்கள் எத்தனை, அவற்றில் பெண்கள் எத்தனை என்று கேள். உன்னையே நிற்கச் சொன்னால் தயங்காதே.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு உங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் வருவார்கள். மாகாண சபைத் தேர்தல் எந்த முறையில், எந்தத் திகதியில் என்று எழுந்து நின்று கேள். பதில் வந்ததும் பெரியப்பாவுக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா