சலவை இயந்திரமும் மின்காப்பும்

சலவை இயந்திரம் இன்று நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் பல இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. நீர், உலோகம், மின்சாரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்ற வீட்டுச் சாதனங்களுள் இஃது ஒன்றாகும். இதனைக் கையாளுவோரும் பெரும்பாலும் ஈரக் கையுடனும் வெறுங்காலுடனும் ஈரத்தரையில் நிற்பர். ஆகவே, இதன் அபாயம் எங்கே உள்ளது, அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்து மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

சிறு அதிர்ச்சி ஓர் எச்சரிக்கை

இயந்திரத்தின் உலோகக் கூட்டைத் தொடும்போது விரலில் சுருக்கென்ற உணர்ச்சி சில வீடுகளில் தோன்றுவதுண்டு. இதனை அற்பமெனக் கருதிக் காலடியில் மரப்பலகையை இட்டோ, ரப்பர்ச் செருப்பை அணிந்தோ வேலையைத் தொடர்வோர் பலர். இது பெருந்தவறு. பல இயந்திரங்களில் மின் இரைச்சலைத் தடுப்பதற்கென அமைந்த மின்தேக்கிகளின் வழியாக மிகச் சிறிதளவு மின்னோட்டம் கூட்டை அடைகின்றது. ‘எர்த்’ என வழங்கும் நிலத்தொடர்பு சரியாக இருப்பின், அது அவ்வழியே நிலத்தைச் சேர்ந்துவிடும், தொடுவோர் உணரமாட்டார். உணரப்படுகின்றதெனின், நிலத்தொடர்பு அறுந்துள்ளது, அல்லது உள்ளே மின்காப்புப் பழுதுற்றுள்ளது என்று கொள்ளல் வேண்டும். உடனே பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்பணியாளரை அழைப்பதே தக்கது.

பியூஸ் காப்பது கம்பியை, மனிதரை அன்று

நம் நாட்டு வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். தோல் நனைந்த நிலையில் உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், ஓம் விதிப்படி உடலின் வழியே 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட இயலாத நிலை ஏற்படக்கூடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் சிறிது நேரம் நீடிப்பினும் இதயத்துடிப்புச் சீர்குலைந்து மரணம் நேரலாம்.

ஆனால், 16 ஆம்பியர் அளவுடைய பியூசோ எம்.சி.பி.யோ இந்த 0.23 ஆம்பியரைப் பொருட்படுத்துவதில்லை. கம்பிகள் அளவுக்கு மீறிச் சூடேறாமல் காப்பதே அவற்றின் பணி.

காவலர் இருவர்

முதற் காவலர் நிலத்தொடர்பு. மூன்று பின்கள் கொண்ட பிளக்கில் மேலுள்ள பின் மற்றவற்றினும் நீளமாகவும் தடிப்பாகவும் இருப்பதைக் காணலாம். செருகும்போது அது முதலில் தொடர்பு கொள்ளவும், கழற்றும்போது இறுதியில் விடுபடவுமே இவ்வாறு அமைத்துள்ளனர். அப்பின்னை வெட்டிவிடுவதும், இரண்டு பின் உள்ள இணைப்பான்களைப் பயன்படுத்துவதும் காவலரை வெளியேற்றுவதற்கு ஒப்பாகும். நிலக்கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் கூடாது. பிளாஸ்டிக் குழாய் மின்சாரத்தை நிலத்திற்குக் கடத்தாது. உலோகக் குழாயாயின் வேறொருவர் திறக்கும் குழாய்க்கும் அபாயத்தைக் கொண்டுசெல்லும்.

நிலத்தொடர்பு மட்டும் போதுமா? அதன் மின்தடை 10 ஓம் ஆயின், பழுதின்போது பாயும் மின்னோட்டம் 23 ஆம்பியருக்கு மேற்படாது. இவ்வளவுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே துண்டிக்காது. அதுவரை கூட்டில் அபாயமான மின்னழுத்தம் நிலைத்திருக்கும்.

ஆகவே, இரண்டாம் காவலராக ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான் தேவைப்படுகின்றது. செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அஃது இடைவிடாது ஒப்பிடும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் ஒரு நொடியின் சிறுபகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். நிலத்தொடர்பு இல்லாவிடின், ஒருவர் தொட்ட பின்னரே அது செயற்படும். இருப்பின், பழுது தோன்றியவுடனேயே செயற்படும். இருவரும் சேர்ந்திருப்பதே முழுக்காவல்.

பயன்படுத்தும் முறை

நீரைச் சூடாக்கும் அமைப்புடைய இயந்திரம் 2,000 வாட் அளவு மின்சாரம் கொள்ளின், ஏறத்தாழ 8.7 ஆம்பியர் பாயும். இதற்கு 6 ஆம்பியர் சாக்கெட்டு ஏற்றதன்று. 16 ஆம்பியர் சாக்கெட்டே வேண்டும். நீட்டிப்பு வயர்களைத் தவிர்த்தல் நன்று. இயந்திரத்தின்மேல் நீர் ஊற்றிக் கழுவலாகாது. வேலை முடிந்ததும் சுவிட்சை நிறுத்தி, உலர்ந்த கையால் பிளக்கைக் கழற்றி, நீர்க்குழாயையும் மூடிவிடல் வேண்டும்.

சுழலும் தொட்டியும் எச்சரிக்கைக்குரியது. 25 செ.மீ. ஆரமுள்ள தொட்டி நிமிடத்திற்கு 1,000 முறை சுழலும்போது, உள்ளிருக்கும் துணியின்மீது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 280 மடங்கு விசை செயற்படும். ஒரு கிலோ ஈரத்துணி அப்போது 280 கிலோ எடைபோல் அழுத்தும். எனவே, தொட்டி முற்றிலும் நிற்குமுன் கையை உள்ளே விடலாகாது. மூடியைத் திறந்த பின்னும் தொட்டி நெடுநேரம் சுழலுமாயின், அதன் பிரேக்கைப் பழுதுபார்த்தல் வேண்டும். மழைக்கோட்டு முதலிய நீர்புகாத் துணிகள் நீரைத் தேக்கிச் சமநிலையைக் குலைக்குமாதலால் அவற்றைச் சுழற்றுதல் கூடாது. பெட்ரோல், தின்னர் தோய்ந்த துணிகளின் ஆவி தீப்பற்றும், அவற்றையும் இடலாகாது. குழந்தைகள் உள்ளே புகாவண்ணம் கதவை மூடிவைத்தல் நலம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லுங்கால் மூன்று வினாக்களைக் கேட்கலாம். கூட்டைத் தொட்டால் சுருக்கென்கின்றதா? பிளக்கின் மூன்றாவது பின் உள்ளதா? கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானைக் கடைசியாக அழுத்திப் பார்த்தது எப்போது? அப்பொத்தான் துண்டிப்பானை மட்டுமே சோதிக்கும். நிலத்தொடர்பைச் சோதிக்காது என்பதையும் விளக்குதல் வேண்டும். நிலத்தொடர்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே கருவியால் அளந்து கூற இயலும்.

ஆசிரியர் மின்கம்பியுடன் இணைக்கப்படாத ஒரு பிளக்கை வகுப்பிற்குக் கொணர்ந்து, மாணவரைப் பின்களின் நீளத்தை அளக்கச் செய்யலாம். மேற்கண்ட கணக்குகளை அவர்களே கணித்தறியின் ஓம் விதி மனத்தில் நிலைக்கும்.

ஒருவர் மின்சாரத்தால் பற்றப்பட்டிருப்பின், அவரைத் தொடலாகாது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். அது இயலாவிடின், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கழியால் அவரை விலக்கலாம். பின்னர் 112 என்னும் எண்ணிற்கு அறிவித்து, மூச்சு நின்றிருப்பின் இதய அழுத்த முதலுதவியைத் தாமதமின்றித் தொடங்குதல் வேண்டும்.